விழிப்புடன் தரவேண்டிய மருந்துகள்



திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில், மருத்துவம் என்பது நான்கு உறுப்புக்களை உடையது என்று வகுத்துரைக்கின்றார். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, அம்மருந்தைக் காலம் தவறாமல் அருகிலிருந்து கொடுப்பவன் ஒருவன். இவற்றுள் முதல் மூன்றைப் பற்றியும் நாம் நிறையப் பேசுகின்றோம். நான்காமவனைப் பற்றிப் பேசுவார் சிலரே. மருத்துவமனையில் அந்த நான்காமவர் பயிற்சி பெற்ற செவிலியர். வீட்டிலோ அவர் தாயாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், பள்ளியில் பயிலும் பேரனாகவோ கல்லூரி செல்லும் பேத்தியாகவோ இருக்கலாம். அந்த நான்காமவரை முன்னிறுத்தியே இன்று நான் பேச விரும்புகிறேன். வீட்டில் தரப்படும் மருந்துகளுள் எவை எவை மிகுந்த விழிப்பை வேண்டுவன, அவற்றை எவ்வாறு இனங்கண்டு கொள்வது என்பதே பொருள்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களை நீங்கள் அறிவீர்கள். 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வளர்ந்தது. அக்காலத்தில் இளைஞர்களாக வந்து இயந்திரங்களுக்கு முன் நின்று உழைத்த தலைமுறையினர் முதுமையடைந்தனர். அவர்களுக்குப் பின் வந்தோரும் ஓய்வு பெற்று வருகின்றனர். முதுமையோடு நீரிழிவும், இரத்தக் கொதிப்பும், இருதய நோயும், மூட்டு வாதமும் உடன் வருகின்றன. இவை நாலைந்து நாள் மருத்துவமனையில் கிடந்து தீர்த்துக்கொள்ளும் நோய்கள் அல்ல. ஆண்டுக்கணக்கில் வீட்டிலிருந்தே மருந்துண்டு கட்டுப்படுத்த வேண்டியவை. ஆகவே இவ்வூர்களின் தெருக்களில் வீடுதோறும் ஒரு சிறு மருந்தகம் உண்டு. அது பிஸ்கட் டப்பாவாக இருக்கலாம். சுவர் அலமாரியின் ஒரு தட்டாக இருக்கலாம். அல்லது தாத்தாவின் தலையணைக்கு அடியிலேயே இருக்கலாம்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி என்னும் சிற்றூரில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம் தொடங்கப்பெற்றது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை நோயாளியின் வாயிலுக்கே கொண்டு சேர்ப்பதும், நோய்முதிர்ந்து படுத்தவர்க்கு வீட்டிலேயே வலிதணிப்புச் சேவை அளிப்பதும் அத்திட்டத்தின் பகுதிகள். மருந்து வாயில்வரை வந்துவிட்டது, நன்று. ஆனால் வாயிலிலிருந்து வாய்வரை அதனைச் செம்மையாகக் கொண்டு செலுத்துவது யார் பொறுப்பு? அங்கேதான் நான்காமவரின் வேலை தொடங்குகிறது.

வீட்டில் வைத்து மருத்துவம் பார்ப்பது தகுமா என்னும் கேள்விக்கு உலகத்துக்கே விடை தந்த நகரம் நம் சென்னை என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு காலத்தில் காசநோய் கண்டவர்கள் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பதே மருத்துவ உலகின் முடிபு. நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு ஆகிய மூன்றும் இன்றி இந்நோய் தீராது என்று நம்பினர். 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று தோன்றியது. சென்னை அரசாங்கமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடி நடத்திய முயற்சி அது. அங்கு நோயாளிகளை இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூறு சானடோரியத்துக்குச் சென்றது. மற்றொரு கூறு நெருக்கடி மிக்க தன் ஏழைக் குடிலிலேயே தங்கியது. இருசாராருக்கும் ஒரே மருந்துகளே ஓராண்டுக் காலம் தரப்பட்டன. 1959இல் வெளியான முடிவு உலகை வியக்கச் செய்தது. நல்லுணவும் ஓய்வும் குறைந்த போதிலும், வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழச் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்திருந்தனர்.

இந்த ஆராய்ச்சியின் புகழை எல்லாரும் கூறுவர். அதனுள் அமைந்த ஒரு நுட்பத்தை மட்டும் நான் எடுத்துக்காட்ட விரும்புகிறேன். வீட்டுக்கு மருந்தைக் கொடுத்தனுப்பியதோடு ஆராய்ச்சியாளர்கள் அமைந்துவிடவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று பார்த்தனர். எஞ்சிய மருந்தை எண்ணினர். மருந்து உள்ளே சென்றதா என்று சிறுநீரைச் சோதித்தனர். வீடு மருத்துவமனைக்கு ஒப்பாயிற்று என்றால், அங்கே ஒரு கண் விழித்திருந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். கண் விழிக்காத வீட்டைப் பற்றி அந்த ஆராய்ச்சி எந்த உறுதியும் தரவில்லை.

இனி, எல்லா மருந்துக்கும் ஒரே அளவு விழிப்பு வேண்டுமா? வேண்டுவதில்லை. ஒரு வைட்டமின் மாத்திரையை ஒருவேளை மறந்தால் கேடொன்றும் இல்லை. இருமுறை விழுங்கினாலும் பெரும்பாலும் கேடில்லை. வேறு சில மருந்துகள் அத்தகையவை அல்ல. அமெரிக்க நாட்டில் பாதுகாப்பான மருந்துப் பழக்கத்திற்கென இயங்கும் நிறுவனம் ஒன்று, இத்தகைய மருந்துகளைத் தனிப் பட்டியலாக்கி வெளியிட்டு வருகின்றது. 'உயர் எச்சரிக்கை மருந்துகள்' என்பது அவற்றின் பெயர். இவற்றைத் தருவதில் பிழைகள் அடிக்கடி நேர்கின்றன என்பது இப்பெயருக்குப் பொருளன்று; பிழை நேர்ந்தால் விளைவு கொடியது என்பதே பொருள். தெருவில் நடப்பவனும் தடுக்கி விழலாம். கிணற்றுச் சுவரின்மீது நடப்பவனும் தடுக்கி விழலாம். தடுக்குவது ஒன்றே; விழும் ஆழம் வேறு. 2017ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் 'தீங்கற்ற மருந்து' என்னும் அறைகூவலை விடுத்து, தடுக்கக்கூடிய கடுமையான மருந்துத் தீங்குகளை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உலக நாடுகளை வேண்டிக்கொண்டது.

நம் வீடுகளில் காணப்படும் அத்தகைய மருந்து வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது இன்சுலின். 1922ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கனடா நாட்டு டொராண்டோ நகரில், சாகும் நிலையிலிருந்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இது ஊசியின் வழியே செலுத்தப்பட்டது. அன்றுமுதல் அது காத்த உயிர்கள் எண்ணிலடங்கா. ஆயின் இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைக்கும் இம்மருந்து மிகுந்துவிட்டால், மூளைக்கு வேண்டிய சர்க்கரையும் இல்லாமற் போகும். நம் நாட்டில் இதில் தனிப்பட்ட இடர் ஒன்று உண்டு. இன்சுலின் இரண்டு செறிவுகளில் விற்கப்படுகின்றது. ஒரு வகையில் 1 மில்லி லிட்டரில் 40 அலகு இருக்கும். மற்றொன்றில் 100 அலகு இருக்கும். இவ்விரண்டுக்கும் ஊசிக்குழல்கள் தனித்தனி. 40க்கு உரியது சிவப்பு மூடி. 100க்கு உரியது ஆரஞ்சு மூடி.

மாறிப் போனால் என்ன ஆகும் என்பதை மாணவர்களாகிய நீங்கள் கணக்கிட்டே அறியலாம். டாக்டர் 20 அலகு போடச் சொல்கிறார். கையிலிருப்பது 100 அலகுக் குப்பி. சிவப்பு மூடிக் குழலில் 20 என்னும் கோடுவரை உறிஞ்சுகின்றீர்கள். அக்கோடு அரை மில்லி லிட்டரைக் குறிப்பது. அரை மில்லியில் இப்போது இருப்பது 50 அலகு. அதாவது இரண்டரை மடங்கு! இதையே மாற்றி, 40 அலகுக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிக் குழலில் 20 என்னும் கோடுவரை எடுத்தால் உள்ளே செல்வது 8 அலகே. ஒன்றில் சர்க்கரை அபாயமாகத் தாழும். மற்றொன்றில் கட்டுக்கடங்காமல் ஏறும். கோடு ஒன்றுதான், நோயாளியின் கதி இரண்டு. ஆகவே குப்பியின் மேலுள்ள எண்ணையும் குழலின் மேலுள்ள எண்ணையும் ஒத்துப் பார்த்த பின்னரே மருந்தை எடுத்தல் வேண்டும்.

சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள் வியர்வை, நடுக்கம், பசி, படபடப்பு, பேச்சில் குழறல், காரணமற்ற எரிச்சல் என்பவை. நினைவோடு இருப்பவர்க்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுக்கலாம். கால்மணி நேரத்தில் தெளிவு காணாவிடில் மீண்டும் ஒருமுறை கொடுத்து, தெளிந்தபின் உணவும் அளித்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். 108க்குச் சொல்லி ஆம்புலன்ஸை வரவழைத்தலே செய்யத்தக்கது.

இன்சுலினுக்கு மட்டுமன்று, கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு முதலிய மாத்திரைகளுக்கும் சர்க்கரையைத் தாழ்த்திவிடும் ஆற்றல் உண்டு. சிறுநீரகம் தளர்ந்த முதியவர் உடலில் இம்மாத்திரைகள் நெடுநேரம் தங்கும். ஒருமுறை தெளிந்தவர் சில மணி நேரத்தில் மீண்டும் மயங்கக்கூடும். ஆகவே மாத்திரையால் சர்க்கரை தாழ்ந்தவரையும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். பாட்டி ஏகாதசியில் பட்டினி கிடக்கும் வழக்கமுடையவராயின், ரமலானில் நோன்பு நோற்பவராயின், அந்த நாட்களில் மருந்தை எவ்வாறு மாற்றுவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டறிதல் வேண்டும். பட்டினியும் பழைய அளவு மருந்தும் கூடிய நாள் தீங்குக்கு வழி திறந்த நாள்.

இன்சுலினை வைக்கும் இடமும் கருதத்தக்கது. திறவாத குப்பி குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும்; பனிக்கட்டி உறையும் தட்டில் வைத்தால் அது பயனற்றுப் போகும். கல்நார் ஓட்டின் கீழ் சித்திரை வெயில் காயும் வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லையேல், ஈர மணல் நிரப்பிய மண்பானையின் உள்ளே குப்பியை நீர் படாமல் மூடி வைத்தல் நம் ஊருக்கு ஏற்ற முறை.

இரண்டாவது வகை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள். இவற்றின் வரலாறு சுவையானது. 1920களில் வட அமெரிக்கச் சமவெளிகளில், கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் சிறு காயத்துக்கும் இரத்தம் நில்லாமல் பெருகி மாண்டன. 1933ஆம் ஆண்டில் ஒரு குடியானவர், உறையாத இரத்தத்தைப் பால் கொள்கலத்தில் எடுத்துக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியல் அறிஞர் பல ஆண்டுகள் உழைத்து அத்தீவனத்திலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலிகளைக் கொல்லும் நஞ்சாக விற்பனைக்கு வந்தது. 1954 முதல் மனிதர்க்கு மருந்தாயிற்று. அளவில் நின்றால் அமிழ்தம். அளவு கடந்தால் நஞ்சு. இருதய வால்வு மாற்றப்பெற்றவர்களும், இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்களும் வார்ஃபரினையோ அதன் இனமான அசினோகூமராலையோ நாள்தோறும் உட்கொள்கின்றனர்.

இம்மருந்து கல்லீரலில் வைட்டமின் 'கே' செய்யும் வேலையைத் தடுக்கின்றது. அதனால் இன்று உண்டதன் பயன் இரண்டு மூன்று நாள் கழித்தே முழுதாகத் தெரியும். இதனை அறியாத சிலர், 'நேற்று மறந்தேன், இன்று இரண்டாக விழுங்கிவிடுகிறேன்' என்பர். அது பெருந்தவறு. கீரை வகைகளில் வைட்டமின் 'கே' மிகுதி. கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் நாள்தோறும் முருங்கைக்கீரை, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று ஏறியிறங்காமல் ஒரே சீராக உண்டால் போதும். மூட்டுவலிக்கென மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் வலிநீக்கி மாத்திரைகள் இதனோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். ஈறில் இரத்தம், கறுத்த மலம், காரணமின்றித் தோலில் நீலத் திட்டுக்கள் ஆகியவை எச்சரிக்கைகள். இம்மருந்து உண்பவர் தலையில் அடிபட்டு விழுந்தால், வெளியே காயம் இல்லாவிடினும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். டாக்டர் குறித்த நாளில் ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனையைத் தவறவிடுதல், கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதை ஒக்கும்.

மூன்றாவது, இருதயத்துக்குரிய டிஜாக்சின். 1785ஆம் ஆண்டில் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர் ஒரு மூலிகையின் இலையைப் பற்றி எழுதிய நூல் இவ்வினத்துக்குத் தாய். அளவு மிகும்போது பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும் என்று அவரே குறித்து வைத்தார். கால் மில்லிகிராம் மருந்து கொண்ட இச்சிறு மாத்திரையில் பயன்படும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளால் உடலிலுள்ள பொட்டாசியம் குறைந்துவிட்டாலும், வயிற்றுப்போக்கால் உடல் வறண்டாலும், பழைய அளவே நஞ்சாக மாறக்கூடும். பசியின்மை, குமட்டல், நாடி மிகத் தளர்தல் ஆகியவற்றை முதுமையின் இயல்பு என்று எண்ணிப் புறக்கணிக்கலாகாது.

நான்காவது மெதோட்ரெக்சேட். இதன் கதை சென்னையோடு தொடர்புடையது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் பேரறிஞர், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தம் குழுவினரோடு ஃபோலிக் அமிலத்தை உருவாக்கினார். பின்னர் அவ்வமிலத்தின் வேலையைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களும் அங்கே பிறந்தன. அவற்றுள் ஒன்றே மெதோட்ரெக்சேட். 1948இல் அவர் மறைந்தார். புற்றுநோய்க்கெனப் பிறந்த மருந்து இன்று மூட்டு வாதத்துக்கும் சிறிய அளவில் பயன்படுகிறது. அதை வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே உண்ண வேண்டும். மற்ற மருந்துகளெல்லாம் நாள்தோறும் உண்ணப்படுவதால் இதனையும் நாள்தோறும் விழுங்கிவிடும் பிழை உலகெங்கும் நேர்ந்துள்ளது. அதனால் உயிர்களும் போயிருக்கின்றன. துணையாகத் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும், இம்மாத்திரையும் பெரும்பாலும் மஞ்சள் நிறச் சிறு வில்லைகளே. எனவே அட்டையின்மேல் 'செவ்வாய் மட்டும்' என்பதுபோல் நாளின் பெயரைத் தடித்த எழுத்தில் எழுதி வையுங்கள். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ கண்டால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஐந்தாவது வகை, கடுவலியைத் தணிக்கும் மார்ஃபின் இனமும், உறக்க மருந்துகளும். புற்றுநோயாளியின் வேதனையைத் தணிக்க மார்ஃபின் இன்றியமையாதது. அதன் பெயரைக் கேட்டே அஞ்சி, துடிப்பவரை மேலும் துடிக்க விடுதல் இரக்கமாகாது. 2014ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பெற்றதும் நோயாளிகளுக்கு இது எளிதில் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே. ஆயின் ஒருவருக்கு எழுதிய அளவு மற்றொருவருக்கு உயிர்க்கொல்லி. எழுப்பினால் எழாத உறக்கமும், மூச்சு அருகி வருதலும் அபாயத்தின் அறிகுறிகள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைப் பூட்டி வைத்தே ஆகவேண்டும். உறக்க மாத்திரை உண்ட முதியவர் இரவில் எழுந்து நடக்கையில் விழுந்து இடுப்பெலும்பு முறிதல் உண்டு; மார்ஃபினோடு அது சேர்ந்தால் மூச்சும் தளரும்.

இவ்வளவு பெயர்களையும் மனப்பாடம் செய்வது எளிதன்று. பெயர் அறியாத மருந்தையும் இனங்காண நான்கு கேள்விகளைச் சொல்கிறேன். இம்மருந்தின் அளவு சிறிது மிகுந்தால் பெருங்கேடு உண்டா? இதற்கென அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டுமா? உண்ணும் நாளோ, அளவோ, ஊசிக்குழலோ மற்றவற்றினின்று வேறுபட்டதா? உணவு குறைந்தாலும், புது மாத்திரை சேர்ந்தாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும் இதன் வேகம் மாறுமா? மருந்து வாங்கும்போதே டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ இவற்றைக் கேளுங்கள். ஒன்றுக்கேனும் 'ஆம்' என்று விடை வந்தால், அம்மருந்து விழிப்புக்குரியது. அட்டையின் மேலுள்ள சிவப்புக் கோடு இதற்குச் சான்றாகாது. டாக்டரின் சீட்டின்றி விற்கலாகாது என்பதே அதன் பொருள்.

பழக்கங்களும் சில வேண்டும். கடையில் நான்கு மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டித் தருகின்றனர். பெயரும் காலாவதி நாளும் மறுபாதியோடு போய்விடுகின்றன. பெயருள்ள பகுதியைக் கேட்டு வாங்குங்கள். வணிகப் பெயர் இரண்டாக இருந்தும் உள்ளிருக்கும் மருந்து ஒன்றாக இருக்கக்கூடும். ஆவடியில் ஒரு டாக்டர் எழுதியதையும் சென்னையில் மற்றொரு டாக்டர் எழுதியதையும் சேர்த்து விழுங்கி இருமடங்கு உண்பவர் உண்டு. ஆகையால் வணிகப் பெயருக்கு அருகே அச்சிட்ட மூலப்பெயரைப் படித்து, ஒரே தாளில் எல்லா மருந்துகளையும் எழுதி, எந்த டாக்டரிடம் சென்றாலும் அதனைக் காட்டுங்கள். மருந்தால் தீங்கு நேர்ந்ததாக ஐயம் தோன்றினால், 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800 180 3024 என்னும் கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். இவை அனைத்துக்கும் மேலாக ஒன்று: இப்பேச்சைக் கேட்டு அச்சமுற்று, எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். உறைவுத் தடுப்பு மருந்தைத் திடீரென நிறுத்தியவருக்குப் பக்கவாதம் வரலாம். இன்சுலினை நிறுத்தியவருக்கு உயிரே போகலாம். ஐயம் தோன்றினால் கேட்பதே முறை, நிறுத்துவது முறையன்று.

பூவிருந்தவல்லியில் பொதுச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் நிலையம் நெடுங்காலமாக நடந்துவருகின்றது. அங்கே பயில்வோர் சிலர்; வீட்டில் மருந்து தருவோரோ பல்லாயிரவர். அப்பல்லாயிரவர் வீடுகளில் ஆங்கில அச்சைத் தயங்காது படிக்கவும், இரண்டரை மடங்கு என்று கணக்கிடவும் வல்லவர்கள் மாணவர்களாகிய நீங்களே. தாத்தாவின் கண் மங்கியிருக்கலாம். அம்மாவுக்கு வேலை மிகுந்திருக்கலாம். வாரத்தில் ஒருநாள், கால்மணி நேரம், அந்த மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தாளையும் அட்டைகளையும் ஒப்புநோக்குங்கள். 1950களில் சென்னையின் குடிசைகளுக்குள் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தவர்கள் செய்த வேலையும் அதுவே.